கோல் காப்பவனை யார் காப்பது?

கோல் போட்டவர் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். கோல் விழாமல் தடுத்தவர் பெயர்? அவர் தடுத்த பந்துகளை யாரும் எண்ணி வைப்பதில்லை. கை தவறி விட்ட பந்து ஒன்று இருந்தால், அதை மட்டும் முப்பது வருஷம் கழித்தும் சொல்லிக் காட்டுவார்கள். ஹாக்கி ஆட்டத்தில் கோல் கீப்பராக நிற்பவரின் ஜாதகம் அப்படி!

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று ஆடி அமாவாசை. ஆடி அமாவாசையன்று குற்றாலம் எப்படி இருக்கும் என்று தென்காசிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேரருவியில் தர்ப்பணம். அது முடிந்ததும் ஐந்தருவிக்கு வண்டி. எண்ணெய்த் தலையோடு வரிசையில் நிற்கவேண்டும். ஐந்து கிளையில் எந்தக் கிளையில் இடம் கிடைக்கிறதோ அதில் தலையைக் கொடுக்கவேண்டும்.

அன்று பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாரிஸ் நகரத்தில் ஒரு மனிதர் ஐந்து கிளை அருவியையும் தாம் ஒருவராகவே தாங்க நின்றார். அவர் பெயர் பி. ஆர். ஸ்ரீஜேஷ். இந்திய ஹாக்கி கோஷ்டியின் கோல் கீப்பர். வயது 36.

ஒலிம்பிக் பந்தயத்தின் கால் இறுதி ஆட்டம் அது. எதிரே பிரிட்டிஷ் கோஷ்டி. ஆட்டம் தொடங்கி 17-வது நிமிஷத்தில் இந்தியப் பின்னணி வீரர் அமித் ரோகிதாசுக்குச் சிவப்புச் சீட்டு காட்டினார்கள். அவர் வெளியே போனார். மீதி 43 நிமிஷமும் இந்தியா பத்துப் பேரோடு ஆடவேண்டும். அந்தப் பத்துப் பேரோடும் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் ஒரு கோல் போட்டார். பிரிட்டன் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. அதற்குப் பிறகு பிரிட்டிஷார் அலை அலையாக வந்தார்கள். ஆட்டம் முடியும்வரை இன்னொரு கோல் விழவில்லை.

அப்புறம் "ஷூட் அவுட்". ஒரு கோஷ்டிக்கு ஐந்து வாய்ப்பு. ஒரு வாய்ப்புக்கு எட்டு விநாடி. பந்தைக் கொண்டு வருகிறவர் ஒருவர், தடுக்கிறவர் ஒருவர். நடுவில் வேறு யாரும் கிடையாது. பிரிட்டிஷார் இருவர் தோற்றார்கள். நம்மவர்கள் நாலு பேர் வரிசையாகப் போட்டார்கள். 4-க்கு 2 என்று இந்தியா ஜெயித்தது. நாலு நாள் கழித்து ஸ்பெயினை 2-க்கு 1 என்று வென்று வெண்கல மெடலும் வாங்கியது. அதுவே ஸ்ரீஜேஷின் கடைசி ஆட்டம். கேப்டன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்.

கோல் கீப்பரைத் தோளில் தூக்குகிற காட்சியை நம் ஜனங்கள் அடிக்கடி பார்த்ததில்லை. அதனால்தான் அவருடைய கதையையும், அவருக்கு முன்னால் அதே இடத்தில் நின்றவர்களின் கதையையும் சொல்லத் தோன்றுகிறது. எனக்கு ஒரு கோரிக்கையும் இருக்கிறது. அது பின்னால் வரும்.

மலைக்கு அந்தப் பக்கம்

ஐந்தருவிக்குத் தண்ணீர் தருகிற மலைக்கு மேற்கே கேரளம். செங்கோட்டை, புளியரை தாண்டினால் ஆரியங்காவு. அங்கிருந்து தென்மலை, புனலூர், கொல்லம். சீசன் நாட்களில் அந்த வழியாகத்தான் எத்தனையோ மலையாளக் குடும்பங்கள் குளிக்க வருகின்றன. ஐந்தருவிக் கடைக்காரர் பலருக்கு மலையாளத்தில் விலை சொல்ல வரும். ஸ்ரீஜேஷ் அந்த நாட்டுக்காரர்தான். எர்ணாகுளம் மாவட்டம், கிழக்கம்பலம் கிராமம். தகப்பனார் விவசாயி.

கேரளத்தில் கால்பந்து என்றால் ஊரே திரளும். ஹாக்கியை யார் பார்த்தார்கள்? 12 வயதில் திருவனந்தபுரத்தில் ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தபோது ஸ்ரீஜேஷுக்கும் ஹாக்கி தெரியாது. ஓட்டப் பந்தயம், நீளத் தாண்டல், கைப்பந்து எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் ஹாக்கிக்கு வந்தார். கோலில் நில் என்று சொன்னவர் பயிற்சியாளர். அங்கே நின்றால் அதிகம் ஓட வேண்டாம் என்பதும் ஒரு காரணம் என்று ஸ்ரீஜேஷே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

ஓட வேண்டாம், சரி. கவசம் வேண்டுமே! ஹெல்மெட், நெஞ்சுக் கவசம், கையுறை, காலில் கட்டுகிற பட்டை எல்லாம் சேர்ந்து ஒரு செட். விவசாயி வீட்டில் அதற்குப் பணம் ஏது? வீட்டுப் பசுமாட்டை விற்று மகனுக்குக் கவசம் வாங்கிக் கொடுத்தார் தகப்பனார்.

இந்தக் கதை பலமுறை பத்திரிகைகளில் வந்துவிட்டது. மேடையில் சொன்னால் கைதட்டுகிறார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். எனக்கோ கோபம்தான் வருகிறது. பள்ளிக்கூடத்துக்காக ஆடுகிற பையன். நாளைக்கு ஜில்லாவுக்கும் மாகாணத்துக்கும் தேசத்துக்கும் ஆடப்போகிற பையன். அவன் நெஞ்சில் பந்து படாமல் இருக்க வீட்டுப் பசு போக வேண்டுமா? அந்தப் பள்ளியை மட்டும் நான் குறை சொல்லவில்லை. தேசம் பூராவும் அதுதான் வழக்கமாக இருந்தது. இன்றும் பல ஊரில் அதுதான் வழக்கம். விற்பதற்குப் பசு இல்லாத வீட்டுப் பையன்கள் எத்தனை பேர் கோலை விட்டுப் போனார்களோ, அந்தக் கணக்கு யாரிடமும் கிடையாது.

பசு வீண் போகவில்லை. 2006-ல் கொழும்பில் நடந்த தெற்காசியப் பந்தயத்தில் ஸ்ரீஜேஷ் தேசிய கோஷ்டியில் ஆடினார். ஆனால் அடுத்த ஐந்தாறு வருஷமும் நிரந்தர இடம் இல்லை. கோல் கீப்பர் பதவி ஒன்றுதானே! முன்கள வீரர் என்றால் ஆட்டத்தின் நடுவில் மாற்றி மாற்றி இறக்குவார்கள். கோல் கீப்பர் இரண்டாமவர் என்றால் கவசத்தைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார வேண்டியதுதான். 2012-ல் லண்டன் ஒலிம்பிக் கோஷ்டியில் இருந்தார். அங்கே இந்தியா எல்லா ஆட்டத்திலும் தோற்றுப் பன்னிரண்டாவதாக, அதாவது கடைசியாக வந்தது. ஊர் திரும்பியபோது என்ன வரவேற்பு இருந்திருக்கும் என்று வாசகர்களே ஊகிக்கலாம்.

2014-ல் தென் கொரியாவின் இஞ்சியோன் நகரில் ஆசியப் பந்தயம். இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தான். 1-க்கு 1. ஷூட் அவுட்டில் ஸ்ரீஜேஷ் குறுக்கே நின்றார். 4-க்கு 2. பதினாறு வருஷத்துக்குப் பிறகு ஆசியத் தங்கம் இந்தியாவுக்கு வந்தது. 1998-ல் பாங்காக்கில் அந்தத் தங்கத்தை வாங்கித் தந்ததும் ஒரு கோல் கீப்பர்தான். ஆஷிஷ் பல்லால் என்று பெயர். எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

2016-ல் ஸ்ரீஜேஷ் கேப்டனாகவே ரியோ ஒலிம்பிக்குக்குப் போனார். 2017-ல் முழங்கால் ஜவ்வு அறுந்தது. மாதக் கணக்கில் ஆட்டம் இல்லை. முப்பது வயதை நெருங்குகிற கோல் கீப்பர், முழங்காலில் அறுவை என்றால் பலர் அத்தோடு முடிந்தது என்றுதான் எழுதுவார்கள். எழுதினார்கள். அவர் திரும்பி வந்தார்.

2021 ஆகஸ்டு 5, டோக்கியோ. வெண்கலத்துக்கான ஆட்டம். எதிரே ஜெர்மனி. 3-க்கு 1 என்று பின்தங்கியிருந்த இந்தியா 5-க்கு 4 என்று முன்னே வந்துவிட்டது. ஆட்டம் முடிய ஏழு விநாடி கூட இல்லை. அப்போது ஜெர்மனிக்குப் "பெனால்டி கார்னர்" கிடைத்தது. பந்து வந்தது. ஸ்ரீஜேஷ் தடுத்தார். 41 வருஷத்துக்குப் பிறகு இந்திய ஹாக்கிக்கு ஒலிம்பிக் மெடல். மற்றவர்கள் கட்டிப் பிடித்துக் குதிக்க, அவர் கோல் கம்பத்தின் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். அத்தனை வருஷம் காத்த கம்பம். ஏறி உட்கார அவருக்கு உரிமை உண்டு.

38-க்குப் பூஜ்யம்

இனி ஒரு பழைய கதை. 1956-ம் வருஷம். அந்த வருஷம் நவம்பர் முதல் தேதிதான் செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. மூன்று வாரம் கழித்து ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் ஒலிம்பிக் தொடங்கியது. அங்கே இந்தியாவின் கோலில் நின்றவர் சங்கர் லட்சுமண். மத்தியப் பிரதேசத்தில் மவ் என்ற ராணுவ ஊரில் பிறந்தவர். மராட்டா படைப்பிரிவில் சிப்பாய்.

இந்தியா ஐந்து ஆட்டம் ஆடியது. ஆப்கானிஸ்தானுக்கு 14 கோல், அமெரிக்காவுக்கு 16, சிங்கப்பூருக்கு 6, ஜெர்மனிக்கு 1, இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு 1. கூட்டிப் பாருங்கள். 38 வருகிறது. இந்தியாவின் கோலில் விழுந்தது எத்தனை? ஒன்று கூட இல்லை. 38-க்குப் பூஜ்யம்!

16 கோல் போட்ட ஆட்டத்தில் கோல் கீப்பருக்கு வேலை இருந்திருக்காது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கடைசி இரண்டு ஆட்டமும் ஒரே ஒரு கோலில் ஜெயித்தவை. இந்தப் பக்கம் ஒன்று விழுந்திருந்தால் தங்கம் என்ன ஆகியிருக்கும்?

1960-ல் ரோம் நகரில் அதே பாகிஸ்தானிடம் ஒரு கோலில் தோற்றோம். ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவுக்கு இறுதி ஆட்டத்தில் அதுதான் முதல் தோல்வி. 1964-ல் டோக்கியோ. மறுபடியும் இறுதி ஆட்டம், மறுபடியும் பாகிஸ்தான். மொஹிந்தர் லால் ஒரு கோல் போட்டார். அதற்குப் பிறகு பாகிஸ்தான் அடித்த பந்து எதையும் லட்சுமண் உள்ளே விடவில்லை. தங்கம் திரும்பி வந்தது. இன்றைய கவசத்தில் பாதி கூட அன்று கிடையாது. ஹெல்மெட் இல்லை. காலில் பட்டை, கையில் உறை, அவ்வளவுதான். 1966-ல் பாங்காக் ஆசியப் பந்தயத்தில் அவரே கேப்டன். அங்கும் தங்கம்.

சர்க்கார் அர்ஜுனா விருது தந்தது. 1967-ல் பத்மஸ்ரீ தந்தது. 1968-ல் மெக்சிகோ போகிற கோஷ்டியில் அவர் பெயர் இல்லை. மட்டையைக் கீழே வைத்தார். 1979-ல் ராணுவத்திலிருந்து கேப்டன் அந்தஸ்தோடு ஓய்வு பெற்று மவ்வுக்குத் திரும்பினார். கடைசி நாட்களில் காலில் அழுகல் நோய். இரண்டு தங்கத்தையும் காத்த கால்! மருத்துவச் செலவுக்கு வழியில்லாத நிலை. 2006 ஏப்ரல் 29-ந் தேதி காலமானார். இரண்டு ஒலிம்பிக் தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கிய கோல் கீப்பர் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

தலையால் தடுத்தவர்

ஸ்ரீஜேஷுக்கு முன்னால் கேரளத்திலிருந்து ஒலிம்பிக் மெடல் வாங்கியவர் ஒருவரே. அவரும் ஹாக்கி கோல் கீப்பர்தான் என்பது ஆச்சரியம். மானுவல் பிரெடரிக். கண்ணூர்க்காரர். 1972-ல் மியூனிக் நகரில் இந்தியா வெண்கலம் வாங்கியபோது கோஷ்டியில் இருந்தவர். பெங்களூரில் ராணுவ சேவையில் இருந்தபடி ஆடியவர். ஹெல்மெட் இல்லாத காலம். உயரத்தில் வருகிற பந்துக்குக் கை எட்டாவிட்டால் தலையைக் கொடுத்துவிடுவார்! கால்பந்து ஆடிப் பழகியவர் தலையால் முட்டுவது சரி. ஹாக்கிப் பந்து கல் மாதிரி அல்லவா இருக்கும்!

அவருக்குப் பெரிய விருது எதுவும் வரவில்லை. வெகு காலம் கழித்து, 2019-ல், வாழ்நாள் சாதனைக்கான தயான் சந்த் விருது கொடுத்தார்கள். மெடல் வாங்கி 47 வருஷம் ஆகியிருந்தது. 2025 அக்டோபர் 31-ந் தேதி பெங்களூரில் காலமானார். வயது 78. தமக்குப் பிறகு 49 வருஷம் கழித்து இன்னொரு மலையாளி அதே இடத்தில் நின்று அதே வெண்கலத்தை வாங்கியதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். அந்த மட்டில் சந்தோஷம்.

ஸ்ரீஜேஷ் விஷயத்தில் தேசம் சற்றுத் திருந்தியிருக்கிறது என்றே சொல்லவேண்டும். 2021-ல் கேல் ரத்னா. 2025-ல் பத்மபூஷண். அவர் அணிந்த 16-ம் எண் சட்டையை இனி தேசிய கோஷ்டியில் யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஹாக்கி சங்கம் முடிவு செய்தது. 336 சர்வதேச ஆட்டம் ஆடியவருக்கு இது தகும். அவருடைய 300-வது ஆட்டம் நம் சென்னையில்தான் நடந்தது. 2023 ஆகஸ்டில், எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில், ஜப்பானுக்கு எதிராக. இந்தியா 5-க்கு பூஜ்யம் என்று ஜெயித்தது.

விருது கொடுப்பது கடைசிக் காரியம். முதல் காரியம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் நாம் இன்னும் பசுமாட்டுக் காலத்திலேயே இருக்கிறோம்.

அரை விநாடி கூட இல்லை!

ஹாக்கி கோலின் அகலம் 12 அடி. உயரம் 7 அடி. பந்தின் எடை சுமார் 160 கிராம். அதிகம் இல்லை என்று தோன்றும். பெனால்டி கார்னரில் அந்தப் பந்தைச் சுமார் 16 கெஜ தூரத்திலிருந்து வாரி எறிகிறார்கள். "டிராக் பிளிக்" என்று பெயர். நல்ல வீரர் எறிந்தால் மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் வேகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பந்து கோலுக்கு வர அரை விநாடி போலத்தான் ஆகும்; இன்னும் வேகமாக எறிந்தால் அது கூட ஆகாது. அதற்குள் பார்க்கவேண்டும், எந்தப் பக்கம் என்று தீர்மானிக்க வேண்டும், 12 அடி அகலத்தில் விழவேண்டும்.

லட்சுமண் காலத்தில் புல் தரை. பந்து தட்டித் தடுக்கி வரும். பெனால்டி கார்னரில் பெரும்பாலும் தரையோடு அடிப்பார்கள். 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்புறம் டிராக் பிளிக் வந்தது. பந்து நெஞ்சுக்கும் முகத்துக்கும் வந்தது. "அந்தக் காலத்தில் ஹெல்மெட் இல்லாமல் ஆடவில்லையா?" என்று கேட்கிற பெரியவர்களுக்கு இதுதான் பதில். அவர்கள் ஆடியது வேறு தரை. அவர்கள் மேல் வந்த பந்தும் வேறு.

பனிக்கட்டியின் மேல் ஆடுகிற ஹாக்கி ஒன்று உண்டு. கனடா, ரஷ்யா போன்ற குளிர் தேசங்களில் அதற்கு மவுசு அதிகம். நம் லடாக்கிலும் ஆடுகிறார்கள். அங்கே பந்துக்குப் பதில் கெட்டி ரப்பர் வட்டு. அந்த ஆட்டத்தில் கோல் காப்பவர்கள் வெகு காலம் முகத்தில் ஒன்றுமில்லாமல்தான் நின்றார்கள். 1959 நவம்பர் முதல் தேதி, நியூயார்க்கில், ஜாக் பிளான்ட் என்ற மான்ட்ரியல் கோல் கீப்பரின் முகத்தில் வட்டு பட்டுக் கிழித்தது. உள்ளே போய்த் தையல் போட்டுக்கொண்டார். முகமூடி இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று நின்றார். பயிற்சியாளருக்கு அது பிடிக்கவில்லை. முகமூடி போட்டால் பார்வை மறைக்கும், போட்டவன் பயந்தவன் என்பது அன்றைய பேச்சு. பிளான்ட் முகமூடியோடு வந்தார். அவர் கோஷ்டி ஜெயித்தது. அன்று முதல் மெல்ல மெல்ல எல்லாரும் போட ஆரம்பித்தார்கள். இன்று முகமூடி இல்லாமல் நிற்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரைத் தைரியசாலி என்றா சொல்வார்கள்?

மலைக்கு இந்தப் பக்கம்

ஐந்தருவியிலிருந்து கிழக்கே போனால் தென்காசி. அங்கிருந்து சங்கரன்கோவில் வழியாகக் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் போன ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். ஹாக்கிக்கும் பெயர் போன ஊர். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக அகில இந்தியக் கோஷ்டிகள் அங்கே வந்து ஆடியிருக்கின்றன. அந்த ஊர்க்காரர் மாரீஸ்வரன் சக்திவேல். அவரும் அரியலூர்ப் பக்கத்து கார்த்தி செல்வமும் 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய இந்தியக் கோஷ்டியில் இருந்தார்கள். இருவரும் முன்கள வீரர்கள், கோல் போடுகிறவர்கள்.

தமிழ்நாட்டுச் சிறுவர்களைக் கேட்டால் வேறு யார் பெயரைச் சொல்வார்கள்? பாஸ்கரன் என்பார்கள்; 1980-ல் மாஸ்கோ தங்கத்தின் கேப்டன். புனாவில் பிறந்த தமிழர் தன்ராஜ் பிள்ளை என்பார்கள். எல்லாரும் மட்டையோடு ஓடியவர்கள். கோலில் நிற்க ஆசை என்று சொல்கிற பையனைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

ஏன்? பள்ளிக்கூட மைதானத்தில் கோலில் யாரை நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். கடைசியாக வந்தவனை நிறுத்துவார்கள். மட்டை இல்லாதவனை நிறுத்துவார்கள். சற்றுப் பருமனாக இருந்தால் அவனுக்கு வேறு இடமே கிடையாது. போன வருஷம் படித்து முடித்த யாரோ விட்டுப்போன கால்பட்டையைக் கயிறு போட்டுக் கட்டுவார்கள். இடது காலுக்கு ஒரு அளவு, வலது காலுக்கு ஒரு அளவு. நெஞ்சுக்கு ஒன்றும் இருக்காது. பையன் பந்தைக் கண்டு விலகுவான். விலகினால் சிரிப்பார்கள். இரண்டு வாரத்தில் அவன் கபடிக்குப் போய்விடுவான். விலகாத பையன் ஒருவன் இருந்தால், அவன்தான் ஸ்ரீஜேஷ் ஆகக்கூடியவன். அவனுக்குத்தான் பல் உடையும்.

முழுக் கவசம் ஒன்று நல்லதாக வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். பையன் வளர வளர அளவும் மாறும். ஐந்தருவிப் பக்கத்தில் பழக்கடை வைத்திருக்கிற ஒரு தகப்பனாரை நினைத்துப் பாருங்கள். மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடை கூடையாகப் போவது சீசன் மூன்று மாதம். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் அந்த நாள் வியாபாரமும் போச்சு. சாரல் ஏமாற்றினால் சீசனே போச்சு. அவர் மகன் இலஞ்சியிலோ மேலகரத்திலோ படிக்கிறான். கோலில் நன்றாக நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தகப்பனாரிடம் விற்பதற்குப் பசு இல்லை. பழக்கூடைதான் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. ஹாக்கி கோஷ்டி வைத்திருக்கிற ஒவ்வொரு பள்ளியிலும் கோல் கீப்பர் கவசம் இரண்டு செட் பள்ளியின் பெயரில் இருக்கவேண்டும். ஒன்று சின்னப் பையன்களுக்கு, ஒன்று பெரிய பையன்களுக்கு. பெண்கள் கோஷ்டி இருந்தால் அவர்களுக்கும் தனியாக. பெஞ்சும் கரும்பலகையும் எப்படிப் பள்ளிச் சொத்தாகப் பதிவேட்டில் ஏறுகிறதோ, அப்படி இதுவும் ஏறவேண்டும். எந்தப் பையனிடமும், எந்தத் தகப்பனாரிடமும் இதற்காகக் காசு கேட்கக்கூடாது.

"ஒருவனுக்கு இவ்வளவு செலவா? அந்தப் பணத்துக்கு இருபது மட்டை வாங்கலாமே!" என்று ஒரு வாதம் வரும். விளையாட்டு ஆசிரியர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருபது மட்டை வாங்குங்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இருபது பேரும் யார் மேல் பந்தை அடித்துப் பழகப் போகிறார்கள்? கோலில் நல்ல பையன் நிற்காவிட்டால் முன்கள வீரனுக்கும் ஆட்டம் தேறாது. வெற்றுக் கம்பத்துக்குள் நூறு கோல் போட்டவன் ஜில்லா ஆட்டத்தில் போய் விழிப்பான்.

இன்னொன்றும் உண்டு. கோல் கீப்பருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். மற்றவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடும்போது அவனும் ஓடிவிட்டு, கடைசியில் பத்து நிமிஷம் பந்து வாங்கினால் போதாது. விழுவதற்கும் எழுவதற்கும் காலை நீட்டுவதற்கும் சொல்லித்தர ஆள் வேண்டும். பழைய கோல் கீப்பர்கள் ஜில்லாவில் இருப்பார்கள். வாரத்துக்கு ஒரு நாள் அவர்களைக் கூப்பிட்டால் வரமாட்டார்களா? அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை என்பதுதான் விஷயம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் 2025 டிசம்பரை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். இளைஞர் உலகக் கோப்பைப் பந்தயம் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 தேசங்கள் கலந்துகொண்டன. மதுரையில் ஹாக்கிக்கென்று புது மைதானமே கட்டினார்கள். தென்காசியிலிருந்து நாலு மணி நேரப் பயணம்தான். இந்திய இளைஞர் கோஷ்டிக்குப் பயிற்சியாளர் யார் தெரியுமா? ஸ்ரீஜேஷ்! கால் இறுதியில் பெல்ஜியத்தோடு 2-க்கு 2. மறுபடியும் ஷூட் அவுட். இந்த முறை கோலில் நின்றவர் பிரின்ஸ்தீப் சிங். 4-க்கு 3 என்று இந்தியா ஜெயித்தது. ஸ்ரீஜேஷ் ஓரத்தில் நின்று பார்த்தார். முடிவில் அர்ஜென்டினாவை 4-க்கு 2 என்று வென்று வெண்கலம். மைதானம் கட்டப் பணம் கிடைக்கிறது, உலகப் பந்தயம் நடத்தப் பணம் கிடைக்கிறது. பள்ளிக்கு இரண்டு செட் கவசம் வாங்கவா பணம் கிடைக்காது?

வாங்குவதாக இருந்தால் ஜூன் மாதம் வாங்குவது நல்லது. பள்ளி திறக்கிற மாதம். ஜில்லாப் போட்டிகளுக்கு முன்னால் பையனுக்குக் கவசத்தோடு பழக நாள் கிடைக்கும். எங்கள் பக்கத்துப் பள்ளிகள் கூடவே ஒரு காரியம் செய்யவேண்டும். ஜூனில் இங்கே சாரல் தொடங்கிவிடும். நனைந்த கால்பட்டை இரண்டு நாளானாலும் காயாது. உள்ளே இருக்கிற பஞ்சு நாறிப்போகும். ஜன்னல் உள்ள அறையில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், பலகை அடித்து அதன் மேல் பரப்பி வைக்கவேண்டும். சாவி தலைமை ஆசிரியர் மேஜையில் இருந்தால் பையனுக்கு மாலையில் கவசம் கிடைக்காது. சாவியை விளையாட்டு ஆசிரியரிடமே கொடுத்துவிடுங்கள்.